வாடகைக்கு வீடு வாங்கப் போகிறீர்களா?

சகோதரிகளே! மஹர் நகை, வெளிநாட்டுச் சம்பாத்தியம், வாப்பாவின் சொத்தில் கிடைத்த பங்கு எல்லாவற்றையும் சேர்த்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீடொன்று வாங்கி, வாடகையில் குடும்பத்தை நடத்தலாம் என்று உங்களில் சிலர் எண்ணியிருப்பீர்கள். நல்ல எண்ணம்தான், வாடகை ஹலாலான வருமானம். ஆனால் பளபளக்கும் தரையைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். முதலில் உறுதியைக் கேளுங்கள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி, கட்டடத்தின் கூட்டாதன வரைபடம் பதிவாகியிருந்தால்தான் உங்கள் வீட்டுக்கெனத் தனி உறுதி எழுத முடியும். "பிறகு எழுதித் தருவோம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி இருக்க வேண்டாம். நீங்களே அமர்த்திய நொத்தாரிஸ் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கட்டும். விற்பவர் காட்டும் நொத்தாரிஸ் போதாது. உறுதியும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மஹர் உங்கள் சொத்து, கணவருடையதல்ல.

வாடகை முழுவதும் கைக்கு வராது. சோலைவரி, லிப்டுக்கும் காவலாளிக்குமான மாதக் கட்டணம், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் இவற்றைக் கழித்துக் கணக்குப் பாருங்கள்.

ஸகாத்? வாடகைக்கு விட்ட வீட்டின் பெறுமதிக்கு இல்லை. வாடகைப் பணம் செலவுபோக மிஞ்சி, நிஸாபை எட்டி ஓர் ஆண்டு கையிலிருந்தால் நூற்றுக்கு 2.5. விலை ஏறியதும் விற்பதற்கென்றே வாங்கிய வீடோ வியாபாரச் சரக்கு. அதன் அன்றைய விலைக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும்.