இரண்டு முனையிலும் நின்ற ஊர்

1960 அக்டோபரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து ஓர் அமெரிக்கப் படைக்கப்பல் கிளம்பியது. அதில் அறுநூறுக்கும் மேற்பட்ட மலாயா வீரர்கள் இருந்தார்கள். போன இடம் காங்கோ. மலாயா சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கம்யூனிஸ்டுகளை எதிர்த்து நடந்த பன்னிரண்டு ஆண்டு அவசரகாலம் அந்த ஜூலை 31-ஆம் தேதிதான் முடிந்திருந்தது. காட்டிலிருந்து வெளியே வந்த படைக்கு ஓய்வெடுக்கக்கூட நேரமில்லை. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஐநாவின் அழைப்பை ஏற்றுவிட்டார். நேற்றுவரை பிரிட்டிஷ் படை வந்து காத்த நாடு, இன்று இன்னொரு நாட்டைக் காக்கப் படை அனுப்புகிறது. சின்ன நாட்டுக்கு அது பெரிய தலைநிமிர்வு.

அன்று அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் லாரி ஏற்றியும் பிழைத்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். கப்பலேறும் பட்டாளத்தை அவர்களும் பார்த்திருப்பார்கள். காங்கோ எங்கே இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கப்பலேறியவர்களுக்கு மட்டும் எவ்வளவு தெரிந்திருக்கும்?

இன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரே இல்லை. 1972-இல் அது போர்ட் கிள்ளான் ஆயிற்று. மூட்டைக்குப் பதில் கொள்கலன்கள், தோளுக்குப் பதில் ராட்சத கிரேன்கள். வீரர்களும் கப்பலில் போவதில்லை. லெபனானுக்குப் போகும் மலேசியப் பட்டாலியன் ஐநாவின் நீலத் தொப்பியோடு விமானமேறுகிறது. கொடி, குடும்பம், கண்ணீர், அமைச்சரின் வாழ்த்துரை எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாறியது வேறொன்று. அது நம் மொழியில் நடந்த மாற்றம்.

‘அமைதிப்படை’ என்ற சொல்லைத்தான் சொல்கிறேன். அமைதியைக் காக்கும் படை. இதில் மறைபொருள் ஏதுமில்லை. ஆனால் இந்தியப் படை இலங்கைக்குப் போன 1987-க்குப் பிறகு தமிழில் அந்தச் சொல்லை யாராலும் நேராகச் சொல்ல முடிவதில்லை. 1994-இல் மணிவண்ணன் இயக்கத்தில் சத்யராஜ் நடித்து வந்த படத்துக்கு அதுதான் பெயர்; உள்ளே இருப்பதோ அயோக்கிய அரசியல்வாதி ஒருவன். தலைப்பே நக்கல் என்று யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே சொல்லைத்தான் நம் தமிழ்ப் பத்திரிகைகள் மலேசிய நீலத்தொப்பிகளைப் பற்றி எழுதும்போதும் போட வேண்டியிருக்கிறது. சிலர் ‘அமைதிகாப்புப் படை’ என்று ஒரு ‘காப்பு’ சேர்த்து எழுதுகிறார்கள். அந்த மூன்றெழுத்தில் எவ்வளவு சங்கடம்!

இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் கொஞ்சம் அபூர்வமான இடத்தில் நிற்பவர்கள். படையை வழியனுப்பிய நாட்டின் குடிகளும் இவர்கள்தான். வேறொரு படை போய் இறங்கிய ஊரில் அக்கா தங்கை இருந்தவர்களும் இவர்களில் உண்டு.

முதலில் வழியனுப்பிய கதை. காங்கோவுக்கு ஐநாவை அழைத்ததே அதன் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பாதான். பெல்ஜியப் படையை வெளியேற்றவும், பிரிந்துபோன கதாங்கா மாநிலத்தை மீட்கவும் உதவி கேட்டார். வந்த படை உள்நாட்டுச் சண்டையில் தலையிட மாட்டோம் என்றது. சில மாதங்களில் அவர் பதவி பறிக்கப்பட்டு, ஐநா காவலில் இருந்த வீட்டிலிருந்து தப்பி, எதிரிகளிடம் பிடிபட்டார். அப்போதும் நீலத்தொப்பிகளுக்கு வந்த உத்தரவு ‘தலையிடாதே’ என்பதுதான். 1961 ஜனவரியில் கதாங்காவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அழைத்தவரே போனார், அழைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஐநா பொதுச் செயலாளர் டாக் ஹமர்ஷோல்டும் அந்தச் சிக்கலைத் தீர்க்கப் போகும் வழியில் விமானம் விழுந்து இறந்தார். படை 1964-இல் திரும்பியது. 1999-இல் மறுபடியும் காங்கோவுக்கு ஐநா படை போனது, இன்னும் வரவில்லை. 2022-இல் கோமா நகர மக்களே அந்தப் படை முகாமைத் தாக்கினார்கள். 2025 ஜனவரியில் எம்23 கிளர்ச்சிப்படை கோமாவைப் பிடித்தபோதும் நீலத்தொப்பிகள் அங்கேதான் இருந்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் கப்பல் கிளம்பி அறுபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

இனி, எதிர்கொண்ட கதை. பிரிக்பீல்ட்ஸுக்கு வாருங்கள். இன்று கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடம் முன்பு ரயில்வே யார்டு. அந்த ரயில்வேயில் குமாஸ்தாவாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் வேலைக்கு வந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் கணிசமானவர்கள். ஸ்காட் ரோட்டில் இருக்கும் கந்தசாமி கோயில் அவர்கள் நல்லூரை நெஞ்சில் சுமந்து கட்டியது. மூன்று தலைமுறை இங்கேயே ஆகிவிட்டாலும் ‘ஊர்’ என்றால் யாழ்ப்பாணம்தான். 1987-இல் ஊர்ச் செய்தி வந்த வழிகள் மூன்று: வானூர்திக் கடிதம், பிபிசி தமிழோசை, கோயில் வாசல். கடிதம் வாரக்கணக்கில் தாமதம். தமிழோசையில் இரைச்சல். கோயில் வாசலில் வதந்தியும் உண்மையும் ஒரே வேகத்தில் வரும்.

அந்த ஜூலை 29-இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது சனம் மாலை போட்டு வரவேற்றது. இலங்கை ராணுவத்திடமிருந்து காப்பாற்ற வந்தவர்கள் என்றுதான் நினைத்தார்கள். பதினொரு வாரம் போகவில்லை. அக்டோபர் 10-இல் அதே படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அக்டோபர் 21 தீபாவளி நாள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஊழியர்கள் மட்டும் 21 பேர். இதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஆண்டுதோறும் அந்த நாளில் அஞ்சலி நடக்கிறது. ஸ்காட் ரோட்டு வீடுகளில் அந்த வாரம் பலகாரச் சட்டியைப் பார்த்தபடி எத்தனை பேர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்திருப்பார்கள்!

எங்கே பிசகியது? இந்தியாவின் கெட்ட எண்ணம் என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. புலிகளின் பிடிவாதம் என்று முடிப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் போதவில்லை. ஒப்பந்தம் இரண்டு அரசுகளுக்கு இடையில் நடந்தது. ஆயுதம் கீழே போட வேண்டியவர்கள் அதில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லர். நடுவராக வந்த படைக்கு ஒரு தரப்பின் ஆயுதத்தைப் பறிக்கும் வேலை கொடுக்கப்பட்டது. அந்த வேலையை எடுத்த நிமிடமே நடுவர் ஆட்டக்காரர் ஆகிவிடுகிறார். அதற்குப் பிறகு அவர் சீருடையில் எந்த நிறம் இருந்தால் என்ன? படையின் முதல் தளபதிகளில் ஒருவரான ஹர்கிரத் சிங்கே பின்னாளில் எழுதிய நூலில், தில்லியின் குழப்பமான உத்தரவுகளைக் குறை சொல்கிறார். 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச் 24-இல் கடைசிக் கப்பல் கிளம்பியது. சென்னையில் வந்திறங்கியவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. இறங்கிய இடத்தில் மாலை, திரும்பிய இடத்தில் அதுவுமில்லை. அனுப்பப்பட்ட சிப்பாயின் பக்கமிருந்து பார்த்தால் அதுவும் ஒரு கொடுமைதான்.

அது ஐநா படை அல்லவே என்று கேட்கலாம். சரி, ஐநாவும் நார்வேயும் வந்ததையும் பார்ப்போம். 2002 பிப்ரவரி போர்நிறுத்தத்துக்குப் பின் வந்த கண்காணிப்புக் குழுவில் ஐந்து நோர்டிக் நாட்டவர்கள். கையில் ஆயுதமில்லை, நோட்டுப்புத்தகம் இருந்தது. மீறல்களை எண்ணினார்கள், ஆயிரக்கணக்கில் எண்ணினார்கள். எண்ணுவதற்குமேல் அவர்களுக்கு அதிகாரமில்லை. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும், ஒன்றிய நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். நார்வேயும் ஐஸ்லாந்தும் மிஞ்சின. 2008 ஜனவரியில் கொழும்பு அரசு போர்நிறுத்த ஒப்பந்தத்தையே கிழித்தது, குழு மூட்டை கட்டியது. அந்த செப்டம்பரில் ஐநா ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது சனம் வாசலில் நின்று போகவேண்டாம் என்று கெஞ்சியது. வெள்ளை வாகனங்கள் போய்விட்டன. 2009 மே மாதம் வரை என்ன நடந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இலங்கை விவகாரம் பாதுகாப்பு மன்றத்தின் அதிகாரபூர்வ நிகழ்ச்சிநிரலுக்கே வரவில்லை. 2012-இல் சார்ல்ஸ் பெட்ரி தலைமையில் ஐநா நடத்திய உள்விசாரணை, தன் அமைப்பே தவறியது என்று எழுதிக் கொடுத்தது. நேர்மையான அறிக்கை. மூன்று ஆண்டு தாமதம்.

ஊருக்கு வெளியே பார்த்தாலும் அதே வரிசைதான். 1994-இல் ருவாண்டாவில் கொலை தொடங்கிய இரண்டு வாரத்தில் பாதுகாப்பு மன்றம் தன் படையை 270 பேராகக் குறைத்தது. 1995-இல் ‘பாதுகாப்புப் பகுதி’ என்று ஐநா அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில், டச்சு நீலத்தொப்பிகளின் கண்முன்னே பிரித்தெடுக்கப்பட்டவர்கள் உட்பட 8,000-க்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அப்போது போஸ்னியாவில் மலேசியப் பட்டாலியனும் இருந்தது, வேறு பகுதியில். ஹைத்தியில் 2010-இல் ஐநா முகாமின் கழிவுநீரிலிருந்து பரவிய காலரா ஏறக்குறைய பத்தாயிரம் பேரைக் கொன்றது. ஐநா தன் பங்கை ஒப்புக்கொள்ளவே ஆறு ஆண்டுகள் ஆயின. நட்ட ஈட்டு வழக்கை விலக்குரிமை சொல்லித் தள்ளிவிட்டார்கள். இதில் இன்னொரு கசப்பும் உண்டு. எந்த நாட்டுக்குப் போவது, என்ன செய்வது என்று நியூயார்க்கில் முடிவெடுப்பவர்கள் வேறு. போய் நிற்பவர்கள் பெரும்பாலும் நேபாளி, வங்காளதேசி, இந்தியர், ருவாண்டாக்காரர். வீரர் ஒருவருக்கு மாதம் சுமார் 1,400 டாலர் என்று ஐநா அவருடைய அரசுக்குக் கொடுக்கிறது.

மலேசியாவுக்கு இந்த வரலாற்றில் மறக்க முடியாத ஓர் இரவு உண்டு. 1993 அக்டோபர் 3 இரவு சோமாலியாவின் மொகதிசுவில் சிக்கிய அமெரிக்க வீரர்களை மீட்க, வெள்ளைச் சாயம் பூசிய மலேசியக் காண்டோர் கவச வண்டிகள் போயின. மாட் அஸ்னான் அவாங் என்ற வீரர் உயிரிழந்தார். அமெரிக்கர்கள் தங்கள் தேடுதல் வேட்டையைத் திட்டமிட்டபோது மலேசியர்களிடம் யாரும் சொல்லவில்லை. சிக்கிய பிறகுதான் கூப்பிட்டார்கள். 2001-இல் ஹாலிவுட் எடுத்த படத்தில் மலேசியர்கள் ஓரமாக வந்து போகிறார்கள். அந்த மனக்குறை முப்பது ஆண்டு நின்று, 2023-இல் ‘மல்பட்: மிசி பகாரா’ என்ற மலாய்ப் படமாக வந்தது. கொட்டகை நிறைந்தது. நியாயமான பெருமை. ஆனால் அந்த ஒரே இரவில் நூற்றுக்கணக்கான சோமாலியர்களும் செத்தார்கள். நைரோபியின் ஈஸ்ட்லீ சோமாலியர் நிறைந்த பேட்டை. அங்கேயும் ஒரு ஸ்காட் ரோடு இருந்திருக்கும், யாரோ ரேடியோவைத் திருகியிருப்பார்கள். அவர்கள் மொழியில் ‘அமைதிப்படை’க்கு என்ன சொல்லோ, அதற்கு என்ன நக்கலோ.

எல்லாமே தோல்வி என்று எழுதிவிட்டால் வேலை சுலபம்தான். மிண்டனாவோவில் 2004 முதல் மலேசியா தலைமையில் இயங்கிய கண்காணிப்புக் குழு சின்னது, பெரும்பாலும் ஆயுதமில்லாதது. பிலிப்பீன்ஸ் அரசும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் அதை ஏற்றன; பேச்சுவார்த்தை நடந்தது கோலாலம்பூரில். 2014 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் நோர்டிக் குழுவிடம் இருந்த அதே நோட்டுப்புத்தகம்தான் இவர்களிடமும். ஒரே வித்தியாசம், இங்கே இரண்டு தரப்பும் சண்டையில் களைத்து, நிறுத்த ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தன. கொழும்பும் வன்னியும் அடுத்த சுற்றுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

இப்போது லெபனான். 1978-இல் போன அந்தப் படைக்கு ‘இடைக்கால’ என்று பெயரிலேயே உண்டு; அரை நூற்றாண்டை நெருங்குகிறது அந்த இடைக்காலம். மலேசியர்கள் 2007 முதல் அங்கே, ஒரு கட்டத்தில் எண்ணூறுக்கும் மேல். லிட்டானி ஆற்றுக்குத் தெற்கே லெபனான் அரசுப் படையும் ஐநா படையும் தவிர வேறு ஆயுதக் குழு இருக்கக்கூடாது என்கிறது 2006-இன் 1701-ஆம் தீர்மானம். ஹெஸ்புல்லா இருந்தது, சுரங்கமும் தோண்டியது. தனியார் இடத்துக்குள் தானே நுழைந்து தேட நீலத்தொப்பிக்கு வழியில்லை. இஸ்ரேலும் தன் பங்குக்கு எல்லையைத் தாண்டிக்கொண்டே இருந்தது. 2024 நவம்பர் 7-இல் சிடோன் அருகே இஸ்ரேல் நடத்திய தாக்குதலில், பணியேற்கப் போய்க்கொண்டிருந்த மலேசிய வீரர்களின் பேருந்து சிக்கி ஆறு பேர் காயமடைந்தார்கள். 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு மன்றம் முடிவெடுத்துவிட்டது: 2026 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்தப் படையின் பணி முடிகிறது. பணமும் வற்றிவிட்டது, உலகெங்கும் நீலத்தொப்பிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேரைக் குறைக்கப்போவதாக ஐநா அந்த அக்டோபரில் சொன்னது.

ஐநாவைத் தேடி லெபனான்வரை போக வேண்டாம். ஸ்காட் ரோட்டிலிருந்து அதிக தூரமில்லை, ஜாலான் புக்கிட் பெட்டாலிங்கில் ஐநா அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அகதிகள் சட்டப்படி வேலை செய்ய முடியாது. போலீஸ் மறித்தால் எடுத்து நீட்ட இருப்பது அந்த அலுவலகம் தரும் அட்டை ஒன்றுதான். ‘யூஎன் கார்டு’ என்பார்கள். வரிசையில் பெரும்பாலும் மியன்மார்க்காரர்கள். நடுவே யாழ்ப்பாணத் தமிழும் கேட்கும். 2008-இல் கிளிநொச்சி வாசலில் நின்று வெள்ளை வாகனங்களை மறித்தவர்களில் யாராவது இந்த வாசலிலும் நின்றிருக்கலாம், அட்டையைப் புதுப்பிக்க, காலாவதித் தேதி நெருங்குகிறதே என்று.