நெட் போனாலும் ஃபைல் ஷேர் ஆகும்! வீட்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாதது ஏன்? முழு விளக்கம்

கொடைக்கானலில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் கரண்ட் போகும், பின்னாலேயே நெட்டும் போகும். பழனி மலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரங்கள் சாய்ந்து சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டதை மலைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. நெட் இல்லை என்றாலும், வீட்டில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல் பரிமாறிக்கொள்ள முடியும். ரவுட்டருக்கு கரண்ட் இருந்தால் போதும். ஃபைல் வெளியே எங்கும் போய் வருவதில்லை. ஒரு அறையில் இருந்து ரவுட்டர் வழியாக அடுத்த அறைக்குப் போகிறது. அவ்வளவுதான்.

பிறகு ஏன் 'ஷேர் ஆகலையே' என்ற புலம்பல்? குறிப்பாக ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் வரவேற்பறையில் ஒரு கம்ப்யூட்டர், வீட்டுக்குள் ஒரு லேப்டாப் என்று வைத்திருப்பார்கள். புக்கிங் கணக்கு, பில், விருந்தினர்களின் அடையாள அட்டை நகல் எல்லாம் இவற்றில்தான் இருக்கும். நேற்று வரை திறந்த ஃபோல்டர் இன்று திறக்கவில்லை என்றால் வேலையே நின்றுவிடும். அந்த அவசரத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு செட்டிங்கை மாற்றினால், பிரச்சினை இன்னும் பெரிதாகலாம்.

முதலில் ஸ்கிரீன் என்ன சொல்கிறது?

வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானல் ஏறி வரும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மலைச்சாலை திறந்திருக்க வேண்டும், தங்கும் வீட்டின் வாசலில் அவரை அடையாளம் தெரிய வேண்டும், அறைச் சாவி கையில் கிடைக்க வேண்டும். ஃபைல் ஷேரிங்கும் இதே மாதிரிதான். வழி, வாசல், அறை. எதில் தடை என்பதை ஸ்கிரீனில் வரும் மெசேஜே சொல்லிவிடும்.

* 'நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை' என்று வந்தால், அல்லது 80070035 என்று முடியும் எரர் வந்தால், வழியில் தடை.
* பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருந்தால், வாசலில் தடை.
* 'ஆக்சஸ் டினைட்' என்று வந்தால், வாசல் வரை வந்தாயிற்று. அறைச் சாவிதான் இல்லை.

சாலை மூடியிருக்கும்போது சாவியை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. எனவே இதே வரிசையில் பார்ப்பது நல்லது.

வழியில் தடை: என்ன பார்க்க வேண்டும்?

ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டர் ஸ்லீப் மோடில் தூங்குகிறதா என்று முதலில் பாருங்கள். தூங்கும் கம்ப்யூட்டர் பதில் சொல்லாது.

அடுத்து, இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா? செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதிக்குள் ஐபி அட்ரஸ் தெரியும். ஒன்றில் 192.168.1.5, இன்னொன்றில் 192.168.1.8 என்று முதல் மூன்று எண்கள் ஒத்துப்போனால் பெரும்பாலும் சரி. ஒன்றில் 192.168.1 என்றும் மற்றொன்றில் 192.168.0 என்றும் இருந்தால் இரண்டும் தனித்தனி நெட்வொர்க். 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டரிடம் இருந்து அட்ரஸே கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

கொடைக்கானலின் பழைய பங்களாக்களில் தடிமனான கல் சுவரைத் தாண்டி வைஃபை வராது. அதனால் இரண்டாவது ரவுட்டர் மாட்டுவார்கள். அது தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்கிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடுக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஒரு கம்ப்யூட்டர் 'கெஸ்ட்' வைஃபையில் இணைந்திருந்தாலும் இதே கதிதான். கெஸ்ட் நெட்வொர்க்கில் இருப்பவர்கள் மற்ற கம்ப்யூட்டர்களைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது.

விண்டோஸ் 11 புதிய வைஃபையில் இணையும்போது தானாகவே 'பப்ளிக்' என்று எடுத்துக்கொள்ளும். பப்ளிக் என்றால் கம்ப்யூட்டர் தன்னை மறைத்துக்கொள்ளும். வீட்டு வைஃபைக்கு மட்டும் இதை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். பிறகு 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' போய், பிரைவேட் நெட்வொர்க்கில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். பஸ் ஸ்டாண்ட், ஹோட்டல் வைஃபையில் பப்ளிக் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. நெட்வொர்க் பட்டியலில் கம்ப்யூட்டர் பெயர் தெரியவில்லை என்பதால் இணைப்பே இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் அட்ரஸ் பாரில் \\192.168.1.5 என்று அந்த கம்ப்யூட்டரின் எண்ணை நேரடியாக டைப் செய்து பாருங்கள். பல நேரம் திறந்துவிடும்.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் ஷேரிங் வேலை செய்யவில்லையா? ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போது கம்ப்யூட்டருக்கு வேறு எண் கொடுத்திருக்கலாம். ரவுட்டர் செட்டிங்கில் அந்த கம்ப்யூட்டருக்கு நிரந்தர எண் ஒதுக்கிவிட்டால் இந்தத் தலைவலி தீரும்.

வாசலில் தடை: பின் நம்பர் செல்லாது

இங்குதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தினமும் கம்ப்யூட்டரைத் திறக்கப் போடும் 4 இலக்க பின், அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வரும்போது அது செல்லாது. அக்கவுன்ட்டின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் என்றால் யூசர் நேம் இடத்தில் இமெயில் முகவரி போட வேண்டும்.

பாஸ்வேர்டே வைக்காத அக்கவுன்ட் மூலமும் நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது. விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை. சுலபமான வழி: ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் ஷேரிங்குக்கு என்றே தனி லோக்கல் அக்கவுன்ட் ஒன்றைத் தொடங்கி, பாஸ்வேர்ட் வைத்துவிடுவது.

அறையில் தடை: இரண்டு பூட்டு

விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு அனுமதிகள் உண்டு. ஒன்று 'ஷேரிங்' டேபில், மற்றொன்று 'செக்யூரிட்டி' டேபில். இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்தும் திறக்கவில்லை என்றால், செக்யூரிட்டி டேபில் அந்த அக்கவுன்ட்டின் பெயர் இல்லாமல் இருக்கலாம்.

அப்டேட்டுக்குப் பிறகு பழைய ஹார்டு டிஸ்க் திறக்கவில்லையா?

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட், ப்ரோ பதிப்பில் இரண்டு விதிகளைக் கடுமையாக்கியது. பாஸ்வேர்ட் இல்லாத 'கெஸ்ட்' நுழைவு நிறுத்தப்பட்டது. கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு தகவலிலும் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமானது. இதனால் ரவுட்டரில் சொருகிய ஹார்டு டிஸ்க், பழைய ஸ்டோரேஜ் பெட்டி போன்றவை திடீரென்று திறக்காமல் போயின. அந்தக் கருவியில் யூசர் நேம், பாஸ்வேர்ட் வைத்து, அதன் சாஃப்ட்வேரை அப்டேட் செய்வதுதான் சரியான தீர்வு.

'எஸ்எம்பி1 ஆன் பண்ணுங்க' என்றால் நம்பலாமா?

வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிரப் பயன்படுத்தும் மொழிதான் எஸ்எம்பி. 1980-களில் பிறந்த அதன் முதல் பதிப்பில் பெரிய ஓட்டை இருந்தது. அதைச் சரிசெய்யும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் வெளியிட்டது. போடாமல் விட்ட கம்ப்யூட்டர்களை அதே ஆண்டு மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் தாக்கியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட அந்த வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளே திணறின. ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் அதே நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்ததைத் தானாகவே தேடிப்போனதுதான் அதன் ஆபத்து. அதே ஆண்டு இறுதியில் இருந்து புதிய விண்டோஸில் எஸ்எம்பி1 நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

அதேபோல் 'பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்'கை ஆஃப் செய்து 'எவ்ரிஒன்' என்று கொடுப்பதும், ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பதும் குறுக்குவழிகள். வேலை நடக்கலாம். ஆனால் அதே வைஃபை பாஸ்வேர்டை விருந்தினர்களுக்கும் கொடுத்திருந்தால், மாடியில் தங்கியிருக்கும் முன்பின் தெரியாத ஒருவர், முந்தைய வாரம் வந்துபோன குடும்பத்தின் ஆதார் நகலைத் தன் லேப்டாப்பில் திறந்து பார்க்க முடியும்.

சீசனுக்கு முன் செய்ய வேண்டியவை

1. விருந்தினர்களுக்குத் தனி கெஸ்ட் வைஃபை. வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு வேறு வைஃபை.
2. முழு டிரைவையும் ஷேர் செய்யாமல், தேவையான ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்யுங்கள். அடையாள அட்டை நகல்கள் அந்த ஃபோல்டரில் வேண்டாம்.
3. முடிந்தவரை ஆதாரின் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' நகலை வாங்குங்கள்.
4. ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ். கரண்ட் போனாலும் லேப்டாப்கள் பேசிக்கொள்ளும்.
5. ஷேர் செய்த ஃபோல்டர் பேக்கப் ஆகாது. ஒரு கம்ப்யூட்டரில் அழித்தால் எல்லோருக்கும் அழிந்ததுதான். வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி வைத்துவிடுங்கள்.