பதிப்பு மாறியதால் அடைபட்ட வாயில்

2024 டிசம்பரில் ஒருநாள் மாலை, அகதி விண்ணப்பதாரரின் வாக்குமூலங்களை மொழிபெயர்த்துப் பேணும் அலுவலகம் ஒன்றின் வழங்கிக் கணினி எங்களை உள்ளே விட மறுத்தது. மறுநாட் காலை ஒருவரது மேன்முறையீட்டு விசாரணை. நான் மொழிபெயர்த்த அவருடைய வாக்குமூலம் அக்கணினியில் இருந்தது. கணினியோ வேறொரு நகரில் இருந்தது.

தொலைவிலிருந்து நுழைவோருக்கு வாயிற்காவலாக நிற்பது எஸ்எஸ்எச் என்னும் சேவை. கடவுச்சொல்லைக் கேட்குமுன்னரே அது இணைப்பை அறுத்தது. ஊடுருவல் நடந்துவிட்டது என்றார் ஒருவர். கணினியை அணைத்து மீள இயக்குவோம் என்றார் இன்னொருவர். நல்லவேளை, அவர் பேச்சு எடுபடவில்லை.

எங்களுடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர் காலையில் நுழைந்த இணைப்பைத் துண்டிக்காது வைத்திருந்தார். அவரது திரையில், சேவை நலமாக இயங்குவதாகவே கணினி கூறிற்று! அவர் சேவையின் செய்நிரலைச் சோதனை முறையில் இயக்கினார். ஒரே வரியில் விடை வந்தது: ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்புப் பொருந்தவில்லை, ஆக்கப்பட்டது 30000070 கொண்டு, இருப்பது 30200020. அதாவது 3.0.7 உம் 3.2.2 உம்.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இரகசியக் குறியாக்கத்திற்காகப் பல செய்நிரல்கள் பொதுவாக எடுத்தாளும் தொகுதி. துறையினர் இத்தகையதை நூலகம் என்பர். விரிவுரையாளனாக இருந்த காலத்தில், முதற் பதிப்பின் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டாம் பதிப்பைப் புரட்டித் தடுமாறிய மாணவரைக் கண்டிருக்கிறேன். எஸ்எஸ்எச் அவ்வாறு தடுமாறுவதில்லை. பதிப்புப் பொருந்தாதெனக் கண்டால் தானே நின்றுவிடும்.

ரெட் ஹாட் லினக்ஸின் 9.5 ஆம் பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தபோது 3.2.2 அதனுடன் வந்தது. எங்கள் கணினியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அன்று காலை இளைஞர் சிறு கருவி ஒன்றை நிறுவ, அது புதிய நூலகத்தையும் உடன் இழுத்து வந்தது. சேவையோ பழையதாகவே நின்றது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மூலச் செயற்பாட்டின் நினைவகத்தில் பழைய நூலகம் இருந்தமையால் அது பிழைத்தது. புதிய இணைப்பு ஒவ்வொன்றுக்கும் சேவை தன்னையே மீளத் தொடக்குவது வழக்கம்; அவ்வாறு தொடங்கிய ஒவ்வொன்றும் வட்டிலிருந்த புதிய நூலகத்தைக் கண்டு அக்கணமே மடிந்தது. கணினியை மீள இயக்கியிருப்பின் மூலச் செயற்பாடும் எழுந்திராது. திறந்திருந்த அந்த ஓர் இணைப்பும் போயிருக்கும்.

வேறொரு கணினியிலிருந்து பழைய நூலகக் கோப்பைப் பிரதி செய்து மேலே வைத்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. இது பலரும் செய்யும் தவறு. பொதிப் பதிவேட்டில் ஒரு பதிப்பும் வட்டில் இன்னொன்றுமாகி, நூலகத்தின் பாதுகாப்புத் திருத்தங்களும் அழிந்துபோகும். இளைஞர் பொதி முகாமை மூலம் எஸ்எஸ்எச் சேவையையும் புதிய பதிப்புக்கு உயர்த்தினார். மீண்டும் சோதித்தபோது பிழை வரி தோன்றவில்லை. அதன் பின்பே சேவையை மறுதொடக்கம் செய்தார். நான் எனது கணினியிலிருந்து நுழைந்து பார்த்தேன், வழி திறந்தது.

நள்ளிரவுக்கு முன் மொழிபெயர்ப்பு வழக்கறிஞரைச் சென்றடைந்தது. அவர் பெற்றுக்கொண்டதாக அறிவித்த பின்னரே இளைஞர் தமது பழைய இணைப்பைத் துண்டித்தார்.