பருத்தி விளையாத மாநிலம்

அமெரிக்காவின் அடிமை முறை என்றதும் தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகள்தான் நம் நினைவுக்கு வரும். வடகிழக்கு மூலையில் இருக்கும் மாசச்சூசெட்ஸில் பருத்தி விளையாது. பூத்துக் காய்த்து வெடிப்பதற்கு அந்தச் செடிக்குக் கிட்டத்தட்ட ஆறு மாதம் உறைபனி இல்லாத காலம் வேண்டும். அங்கே குளிர் அவ்வளவு நாள் விடாது. ஆனாலும் அந்த மாநிலத்தின் கதையில் அடிமை முறை ஆழமாக ஊடுருவியிருக்கிறது. அறிவியலும் அதில் கலந்திருக்கிறது.

வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அடிமை முறையை முதலில் சட்டப் புத்தகத்தில் ஏற்றியதே மாசச்சூசெட்ஸ்தான். அது நடந்தது 1641-இல். 1706-இல் அங்கே பாஸ்டன் நகரத்துத் தேவாலய மக்கள் தங்கள் போதகர் காட்டன் மேதருக்கு ஓர் ஆப்பிரிக்கரைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஆமாம், ஒரு மனிதரைப் பரிசாகக் கொடுத்தார்கள்! மேதர் அவருக்கு ஒனேசிமஸ் என்று பைபிளிலிருந்து ஒரு பெயரை எடுத்து வைத்தார். அவருக்குத் தாய் தந்தையர் வைத்த பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

உனக்குப் பெரியம்மை வந்திருக்கிறதா என்று மேதர் ஒருநாள் அவரைக் கேட்டார். ஒனேசிமஸ் தன் கையில் இருந்த தழும்பைக் காட்டினார். அம்மை வந்தவரின் கொப்புளத்திலிருந்து கொஞ்சம் சீழை எடுத்து, நல்ல உடம்போடு இருப்பவரின் தோலைக் கீறி அதில் தடவுவார்கள். லேசாக அம்மை வந்து போகும். பிறகு ஆயுளுக்கும் வராது என்று விளக்கினார். இது தன் ஊரில் வழக்கமாகச் செய்வதுதான் என்றும் சொன்னார்.

இது எப்படி வேலை செய்தது? பெரியம்மைக் கிருமி வழக்கமாக மூச்சுக் காற்றோடு உள்ளே போய், சத்தமில்லாமல் பெருகி, உடம்பு முழுதும் பரவிய பிறகே வெளியே தெரிந்தது. தோல் கீறல் வழியாகப் போனாலோ நோய் பெரும்பாலும் லேசாகவே வந்தது. அதற்குள் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தக் கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொண்டன. ஆபத்தே இல்லாத முறை என்று சொல்லிவிட முடியாது. சிலர் இறந்ததும் உண்டு.

1721-இல் ஒரு கப்பலோடு பெரியம்மை பாஸ்டனுக்குள் நுழைந்தது. ஊரில் இருந்தவர்கள் சுமார் 11,000 பேர். அவர்களில் 5,889 பேர் படுத்தார்கள், 844 பேர் இறந்தார்கள். ஒனேசிமஸ் சொன்னதை மேதர் மருத்துவர்களிடம் எடுத்துச் சொன்னபோது, ஓர் அடிமையின் பேச்சை நம்புவதா என்று பலர் ஏளனம் செய்தார்கள். மேதரின் வீட்டு ஜன்னல் வழியாக வெடிகுண்டுகூட வீசப்பட்டது. துணிந்து முன்வந்த ஒரே மருத்துவர் சப்டியல் பாய்ல்ஸ்டன். அவர் 240-க்கும் மேற்பட்டோருக்கு அம்மை குத்தினார். இறந்தவர்கள் 6 பேர். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தானாக நோய் வந்தவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் இறந்தார். குத்திக்கொண்டவர்களில் நாற்பது பேருக்கு ஒருவர்தான். இரண்டு கூட்டத்தையும் எண்ணி ஒப்பிட்டுப் பார்த்த அந்த வேலை மருத்துவ வரலாற்றில் மிக முக்கியமானது. ஜென்னர் என்ற மருத்துவரின் பெரியம்மைத் தடுப்பூசி வருவதற்கு அப்போது இன்னும் 75 ஆண்டுகள் இருந்தன. இந்த அறிவைத் தந்தவர் ஓர் அடிமை. அவர் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிறகு அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. எல்லா மனிதரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள் என்று மாசச்சூசெட்ஸ் 1780-இல் தன் அரசமைப்புச் சட்டத்தில் எழுதியது. ஷெஃபீல்டு என்ற ஊரில் அடிமையாக இருந்த பெட் என்ற பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வாசகம் காதில் விழுந்ததும், அப்படியென்றால் நானும் சுதந்திரமானவள்தானே என்று ஒரு வக்கீலிடம் போனார். 1781-இல் வழக்கில் வென்று, எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1783-இல் குவாக் வாக்கர் என்பவரின் வழக்கும் அதே வழியில் முடிந்தது. 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாசச்சூசெட்ஸில் ஓர் அடிமைகூடப் பதிவாகவில்லை.

கதை முடிந்ததா? இல்லை. இனிமேல்தான் ஓர் எந்திரம் வருகிறது.

மாசச்சூசெட்ஸின் வெஸ்ட்பரோவில் பிறந்தவர் எலி விட்னி. தெற்கே ஜார்ஜியாவுக்குப் போன இடத்தில் 1793-இல் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ‘பருத்தி ஜின்’ என்ற எந்திரத்தைச் செய்தார். அங்கே விளைந்த பருத்தியில் பஞ்சு கொட்டையோடு இறுக ஒட்டியிருக்கும். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் பிரித்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு தேறினால் அதிகம். விட்னியின் எந்திரத்தில் ஓர் உருளை, அதில் வளைந்த கம்பிப் பற்கள், எதிரே குறுகலான இடைவெளிகள் கொண்ட தடுப்பு. உருளை சுழலும்போது பற்கள் பஞ்சை அந்த இடைவெளி வழியாக இழுத்துப் போகும். கொட்டை பெரியது, நுழைய முடியாமல் கீழே விழும். பின்னால் சுற்றும் தூரிகை பஞ்சை வழித்தெடுக்கும். ஒரு நாளைக்கு 50 பவுண்டு வரை பிரிக்கலாம்.

வேலையைக் குறைக்கும் எந்திரம் வந்தால் அடிமைகளின் பாரம் குறைந்திருக்க வேண்டுமே! நடந்தது நேர்மாறு. கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். நூறு பேருக்குப் பரிமாற ஒரே ஆள் இருந்தால் அடுப்படியில் அவசரமே இருக்காது. பரிமாற இருபது பேர் வந்துவிட்டால் சமையல்காரர் திணறிப்போவார். அப்படித்தான் ஆயிற்று. கொட்டை எடுப்பது சுலபமானதும் இன்னும் நடு, இன்னும் பறி என்றார்கள் முதலாளிகள். பறிக்க எந்திரம் இல்லை. அது 20-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதுவரை மனிதக் கைகள்தான். 1790-இல் அமெரிக்காவில் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் ஏறத்தாழ 40 லட்சம் ஆனார்கள்.

அந்தப் பஞ்சில் பெரும்பகுதி கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. இன்னொரு பங்கு மாசச்சூசெட்ஸுக்கு வந்தது. மெரிமாக் ஆறு 30 அடிக்கும் மேல் சரிந்து விழும் இடத்தில், 1820-களில் லோவல் என்ற நகரத்தைக் கட்டினார்கள். ஆற்றைக் கால்வாய்களில் திருப்பி, நீரின் விசையில் ஆயிரக்கணக்கான நூல் நூற்கும் கதிர்களையும் தறிகளையும் ஓட்டினார்கள். இன்று உலகின் பல அணைகளில் மின்சாரம் எடுக்க உதவும் ஃபிரான்சிஸ் டர்பைன், ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் என்ற பொறியாளர் இதே லோவல் ஆலைகளுக்காக உருவாக்கியதுதான். அருமையான பொறியியல். ஆனால் அது சுழற்றிய கதிர்களில் ஏறியது அடிமைகள் பறித்த பஞ்சு. அந்த ஆலைகள் நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி மறுபடி தெற்கே போய் அடிமைகளுக்கே உடையானது. ‘லோவல்’ என்பது அவர்களிடையே அந்தத் துணியின் பெயராகவே ஆகிவிட்டது.

அடிமை இல்லாத மாநிலம், அடிமைகளின் உழைப்பால் பணக்கார மாநிலம் ஆனது. அதனால்தான் பாஸ்டனில் அடிமை ஒழிப்புக்காகப் பத்திரிகை நடத்திய வில்லியம் லாய்டு கேரிசனை 1835-இல் ஒரு கும்பல் கயிறு கட்டித் தெருவில் இழுத்துச் சென்றது. கும்பலில் இருந்தவர்களில் பலர் நன்றாக உடுத்திய, வசதியான மனிதர்கள்.

1861 ஏப்ரலில் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. தலைநகரைக் காக்க விரைந்த மாசச்சூசெட்ஸின் ஆறாம் படையை ஏப்ரல் 19 அன்று பால்டிமோர் நகரில் அடிமை முறையை ஆதரித்த கூட்டம் தாக்கியது. நான்கு வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் லூதர் லாட், லோவலில் எந்திரப் பட்டறையில் வேலை பார்த்த பையன். வயது 17. தெற்கிலிருந்து பஞ்சு வருவது நின்றதும் லோவல் ஆலைகள் பல மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். சில முதலாளிகளோ கையிருப்புப் பஞ்சை ஏறிய விலைக்கு விற்று லாபம் பார்த்தார்கள்.

போரில் இறந்த வீரர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது நோய். குண்டு பட்டு இறந்தவர்கள் அதைவிடக் குறைவு. கிருமிகளால்தான் நோய் வருகிறது என்ற அறிவு மருத்துவர்களிடம் இன்னும் வந்து சேரவில்லை. கழிவு கலந்த தண்ணீரைக் குடித்தார்கள். சீதபேதியும் டைஃபாய்டும் முகாம்களைத் தின்றன. அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு வெளியே வந்த கறுப்பின மக்களைப் பெரியம்மை துரத்தியது. அந்த நோயைத் தடுக்க வழி சொன்னவரும் அவர்களைப் போன்ற ஓர் ஆப்பிரிக்கர்தான் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

1863-இல் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ கறுப்பின வீரர்களைக் கொண்டு 54-ஆம் மாசச்சூசெட்ஸ் படையை அமைத்தார். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர் சம்பளம். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். மீதியை நாங்கள் தருகிறோம் என்று மாநில அரசு முன்வந்தது. நாட்டு அரசு சமமாகத் தரட்டும் என்று வீரர்கள் அதையும் மறுத்தார்கள். சம்பளமே வாங்காமல் ஓராண்டுக்கு மேல் போரிட்டார்கள். 1863 ஜூலை 18 அன்று தெற்குப் படையின் வாக்னர் கோட்டையைத் தாக்கப் போன சுமார் 600 பேரில் 270-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காயமடைந்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். சமச் சம்பளச் சட்டம் 1864 ஜூனில்தான் வந்தது.

வாக்னர் கோட்டைத் தாக்குதலில் வில்லியம் கார்னி என்ற வீரர், கொடி பிடித்தவர் விழுந்ததும் கொடியைத் தான் ஏந்தி, பல காயங்களோடு அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த அவர், போருக்குப் பின் மாசச்சூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் தபால்காரராக வேலை பார்த்தார். வீரத்துக்கான நாட்டின் உயரிய பதக்கம் அவருக்குக் கிடைத்தது 1900-இல். அதற்கு அவர் 37 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.