மலைத் தீபமும் வீட்டு விளக்கும்

'சி' படித்துவிட்டு பி.எச்.பி.க்கு வரும் நம் மாணவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். பக்கத்தின் மேலே ஒரு வேரியபிளுக்கு மதிப்பு கொடுக்கிறோம். கீழே ஒரு பங்ஷனுக்குள் அதே பெயரைப் போட்டால் காலியாக நிற்கிறது. "சி-யில வந்துதே, இங்க ஏன் வரலை?" என்கிறார்கள்.

நம்ம ஊர்க்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். கார்த்திகையன்று மலை உச்சியில் ஏற்றும் மகாதீபம் குளோபல், ஊருக்கே பொது. வீட்டு வாசல் அகல்விளக்கு லோக்கல். சி-யில் பங்ஷன் என்பது ஜன்னல் வைத்த வீடு, உள்ளிருந்தே தீபம் தெரியும். பி.எச்.பி.யில் ஜன்னலே கிடையாது. பங்ஷனுக்குள் 'குளோபல்' என்று எழுதி வேரியபிளின் பெயரையும் சொன்னால்தான் தெரியும். ஆனால் ஜன்னல் வழியே தீபத்தைப் பார்க்கத்தான் முடியும்; இங்கேயோ ஊதி அணைக்கவும் முடியும்!

பெரிய வம்பு 'இன்க்ளூட்'டில் இருக்கிறது. வேறு ஃபைல்தானே, தனி வீடுதானே என்று நினைப்போம். இல்லை, இன்க்ளூட் சுவரே எழுப்பாது. 40 மாணவர் மதிப்பெண் பட்டியல் என்று வையுங்கள். வெளி லூப்பில் 'ஐ' 1 முதல் 40 வரை. இன்க்ளூட் செய்த ஃபைலில் ஆறு பாடத்துக்கு இன்னொரு லூப், அதிலும் அதே 'ஐ'. உள் லூப் முடியும்போது ஐ-யின் மதிப்பு 7. வெளி லூப் ஒன்று கூட்டினால் 8. முதல் மாணவருக்குப் பிறகு எட்டாவது மாணவர், அப்புறமும் எட்டாவது, மறுபடி எட்டாவது... சர்வரே நிறுத்தும் வரை ஓடும். உள் லூப்பை ஒரு பங்ஷனாக்கி, வேண்டியதை பாராமீட்டராகக் கொடுத்தால் தொல்லை தீர்ந்தது.

ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் வெளியிட்ட இம்மொழியில், 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்' என்றொரு வசதி ரொம்ப காலம் இருந்தது. முகவரிப் பட்டையில் யாரோ 'அட்மின்=1' என்று தட்டினால் அந்தப் பெயரில் ஒரு குளோபல் தானாகவே பிறந்துவிடும். புரோகிராமர் முதலில் 0 போட மறந்திருந்தால் போச்சு, வந்தவன் நிர்வாகி! பங்ஷனுக்குள் இருந்த லோக்கலை மட்டும் அது தொடவில்லை. 2002-ல் 4.2.0 பதிப்பில் அதை இயல்பாக அணைத்து வைத்தார்கள், 2012-ல் 5.4-ல் அடியோடு எடுத்தார்கள்.

ஆனாலும் படிவத்தில் வந்ததை அப்படியே 'எக்ஸ்ட்ராக்ட்' பங்ஷனிடம் கொடுத்தால் பழைய வாசல் திறந்துகொள்ளும். சீனியரிடம் புராஜெக்ட் கோடு வாங்கி ஓட்டுகிறவர்கள் முதலில் அந்த வார்த்தையைத் தேடிப் பாருங்கள்.