உங்களுக்குத் தெரியுமா? பள்ளிப்பட்டு வாண்டுக்கு இரண்டு மொழி

பள்ளிப்பட்டு 1960 மார்ச் 31 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. மறுநாள் எல்லை மாறியது, ஊர் தமிழகப் பக்கம் வந்தது. வீட்டுப் பேச்சு மாறவில்லை. இன்றும் இங்கே பல வீடுகளில் அவ்வா (பாட்டி) தெலுங்கு, அம்மா தமிழ். நடுவில் வளரும் வாண்டு அவ்வாவிடம் ‘நீள்ளு’ கேட்கும், அம்மாவிடம் ‘தண்ணி’ கேட்கும். யாரிடம் எந்த மொழி என்பது இரண்டு வயதுவாக்கில் பல குழந்தைகளுக்குப் பிடிபட்டுவிடுகிறது. அவ்வப்போது இரண்டையும் கலந்தடிப்பது குழப்பமல்ல, இயல்பு.

கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் 1984-இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. ‘பத்து’, ‘பட்டு’ இரண்டிலும் நாக்கு தொடும் இடம் வேறு. இதே போன்ற இந்தி ஒலி வேறுபாட்டை, ஆங்கில வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் கண்டுகொண்டன. காதில் விழாத ஒலியாயிற்றே, ஒரு வயதுக்குள் அந்தத் திறமை பெரும்பாலும் மங்கிவிட்டது. இரண்டு மொழியும் கேட்டு வளரும் பிள்ளைக்கு இரண்டின் ஒலிகளும் தங்கும்.

அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீசியா கூல் குழுவினர், 2003-இல் வெளியான ஆய்வுக்காக, சீன மொழிக்காரர்களை 9 மாதக் குழந்தைகளுடன் 12 முறை சீன மொழியில் பேசி விளையாட வைத்தார்கள். அதன் ஒலிகள் பிடிபட்டன. அதே ஆட்கள், அதே பேச்சு டி.வி.யில் ஓடியபோது? ஒன்றும் ஏறவில்லை. செல்போனைக் காட்டிச் சோறூட்டும் வீடுகளுக்குக் கொஞ்சம் சங்கடமான செய்திதான்.

இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லையா? மொழிகள்மேல் பழிபோடாமல் மருத்துவரிடம் காட்டி, குழந்தையின் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.