இணையக் கடையில் விலையும் நாணயமும்

பண்டமும் பணமும் நேரே கைமாறும் சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே நாணயத்தில் எண்ணுவர். விலையைக் கேட்ட மாத்திரத்தே அது மலிவோ அன்றோ என்பதை வாங்குபவர் மனம் நிறுத்து அறிந்துவிடும். இன்றோ யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியையும் ஒடியல்மாவையும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர் இணையவழியே வாங்குகின்றனர். விற்பவர் ரூபாவில் எண்ணுகிறார். வாங்குபவர் டொலரிலோ பவுணிலோ எண்ணுகிறார். இவ்விருவர்க்கும் இடையே நின்று விலையைப் பெயர்த்துரைக்கும் பணியைக் கணினி செய்கின்றது. அப்பணி நடைபெறும் முறையையும், அதிற் பிழை நேரும் இடங்களையும், கடை தொடங்கக் கருதும் இளைய சகோதரர்க்கும் அங்கு வாங்கும் அன்பர்க்கும் பயன்படுமாறு ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

முதலாவது, வாங்குபவர் எந்நாட்டினர் என அறிதல். இணையத்தோடு தொடுக்கப்பட்ட கணினிக்கு ஓர் எண்முகவரி உண்டு. அதனைக் கொண்டு நாட்டை ஊகிக்கலாம். எனினும் இஃது ஊகமேயன்றி உறுதியன்று. விடுமுறைக்குச் சிங்கப்பூர் சென்ற கனடாவாசிக்குச் சிங்கப்பூர் டொலரில் விலை காட்டினால் அவர் மயங்குவார். ஆதலின், கடை தானே ஒரு நாணயத்தைத் தெரிந்து காட்டினும், அதனை மாற்றும் உரிமையை வாங்குபவரிடமே விடுதல் வேண்டும்.

இரண்டாவது, நாணயத்தின் பெயரை ஐயமறக் குறித்தல். ரூபா எனின் எந்த ரூபா? இலங்கை, இந்தியா, பாக்கித்தான், நேபாளம், மொரிசியசு ஆகிய நாடுகள் யாவும் தத்தம் பணத்தை அப்பெயராலேயே வழங்குகின்றன. அமெரிக்கா, கனடா, அவுத்திரேலியா, சிங்கப்பூர் என்பவற்றின் டொலரும் அத்தகையதே. இக்குழப்பத்தை நீக்கவே சருவதேச நியமங்கள் நிறுவனம் ஒவ்வொரு நாணயத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு வகுத்து 1978 இல் வெளியிட்டது. நம் ரூபா எல்.கே.ஆர். எனவும், கனடிய டொலர் சி.ஏ.டி. எனவும் குறிக்கப்படும். வெறும் டொலர் அடையாளத்தோடு அமையாது இக்குறியீட்டையும் விலையருகே பொறித்தல் நன்று.

மூன்றாவது, தொகையை எழுதும் முறை. ஒரு ரூபா நூறு சதம் என்னுங் கணக்கு இலங்கையில் 1872 முதல் வழக்கிலுள்ளது. ஆயின் எல்லா நாணயங்களும் நூறாகப் பிரிவதில்லை. யப்பானிய யென்னுக்கு இன்று புழக்கத்திற் சிறு பிரிவே இல்லை. குவைத்துத் தினாரோ ஆயிரம் பில்சாகப் பிரியும். பணம் அறவிடுஞ் சேவைகள் சில, தொகையைச் சிற்றலகிலேயே கேட்பன. ரூபாவைச் சதமாக்குவது போல யென்னையும் நூறாற் பெருக்கி அனுப்புங் கடை, 500 யென்னுக்கு 50,000 யென் அறவிட நேரும். செருமானியர் 1.250 என எழுதுவது ஆயிரத்து இருநூற்றைம்பதை. நாம் அதனை ஒன்றேகால் எனப் படிப்போம்.

நான்காவது, எல்லாவற்றினும் முதன்மையானது, நாணயமாற்று வீதம். 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது. அவ்வாண்டு மே மாத நடுவில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. 10 டொலர் விலையுள்ள நூலொன்றை இங்கிருந்து ஒருவர் வாங்கினார் எனக் கொள்வோம். மார்ச்சு மாத வீதத்தை மாற்றாது வைத்திருந்த கடை 2,000 ரூபா எனக் காட்டும். அவர் கணக்கிலிருந்தோ 3,600 ரூபா கழியும். ஓய்வூதியத்தில் வாழ்பவர்க்கு அந்த 1,600 ரூபா சிறு தொகையன்று. வீதத்தை நாள்தோறும் புதுக்குதல் இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

வீதத்தைப் புதுக்கினும் ஒரு வினா எஞ்சும்: காட்டிய விலைதான் அறவிடும் விலையா? கடைகள் இருவகைப்படும். ஒருவகைக் கடை, வாங்குபவரின் நாணயத்தில் விலையைக் காட்டினும், தன் நாணயத்திலேயே அறவிடும். அப்பொழுது கடனட்டை வழங்கிய வங்கி, கணக்குத் தீர்க்கும் நாளின் வீதத்தில் மாற்றித் தன் கட்டணத்தையுஞ் சேர்க்கலாம். பொருளைத் திருப்பியனுப்பினாலும், மீளப்பெறும் பணம் வேறொரு நாளின் வீதத்தில் மாற்றப்பட்டுக் குறையக்கூடும். மற்றைய வகைக் கடை, காட்டிய நாணயத்திலேயே காட்டிய தொகையை அறவிடும். வீதம் மாறுவதால் வரும் நட்டத்தைத் தானே ஏற்பதால் அது விலையில் ஒரு சிறு பங்கைக் கூட்டி வைத்தல் இயல்பு. இருவழியும் நேர்மையானவையே. எவ்வழி என்பதைச் சொல்லாது விடுவதே தவறு.

பணஞ் செலுத்தும் வேளையில், "உமது நாட்டு நாணயத்திலேயே செலுத்துகின்றீரா?" என்று வினாவப்படுவதும் உண்டு. அஃது உபகாரம் போலத் தோன்றினும், அம்மாற்று வீதத்துள் மேலதிகக் கட்டணம் அடங்கியிருத்தல் கூடும். இது பற்றியே ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் விதியொன்றியற்றி, அக்கட்டணம் ஐரோப்பிய மத்திய வங்கி வீதத்தின்மேல் எத்தனை சதவீதம் என்பதை வெளிப்படக் காட்டுமாறு பணித்தது. இவ்வினா எழுமிடத்து இருவழித் தொகைகளையும் ஒப்பிட்ட பின்னரே விடையளித்தல் தகும்.

கடை நடத்துவோர் செய்யத்தக்கது மிகச் சிறிதே. விலையின் கீழே, "இஃது அண்ணளவான தொகை; அறவிடப்படுவது இலங்கை ரூபாவில்" என்றோ, "இத்தொகையே அறவிடப்படும்" என்றோ ஒரு வரி எழுதினாற் போதும். கல்லூரியில் ஐந்தொகைக் கணக்குப் பயின்ற நாளில், கூட்டல் சரியாயிருப்பினும் பதிவு மறைக்கப்பட்டிருப்பின் அக்கணக்குப் பொய்க்கணக்கே எனக் கற்றோம். நம் தமிழிற் பணத்துக்கும் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரு சொல்லே வழங்குகின்றது. முன்னையதைக் கணினி மாற்றித் தரும். பின்னையதை விற்பவர்தாம் தருதல் வேண்டும்.